பங்கு ஆலயத்தில் பாடிய பையன்



வியன்னா என்ற நகரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐரோப்பாவில் உள்ள ஆஸ்திரியா நாட்டின் தலைநகரம் அது. இசைக்குப் பெயர் போன ஊர். மொசார்ட், பீத்தோவன் ஆகிய இசை மேதைகள் வாழ்ந்து மறைந்தது இங்கேதான்.

அந்த மேதைகளின் வரிசையில் வைத்துப் போற்றப்படும் இன்னொருவரும் உண்டு. அவர் பெயர் பிரான்ஸ் ஷூபர்ட். அவர் இந்த உலகில் வாழ்ந்தது வெறும் 31 ஆண்டுகள்தான். அதற்குள் 600-க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசை அமைத்துவிட்டார். அது மட்டுமா? சிம்பொனி, பியானோ இசை, வழிபாட்டு இசை என்று எழுதிக் குவித்துவிட்டார்.

சரி, இவ்வளவு பெரிய மேதை முதன்முதலில் இசை கற்றுக்கொண்ட இடங்கள் எவை தெரியுமா? அரண்மனையா? பெரிய இசைக் கல்லூரியா? இரண்டும் இல்லை. ஒன்று அவருடைய வீடு. மற்றொன்று, வீட்டிலிருந்து சில நிமிட நடையில் இருந்த பங்கு ஆலயம்.

பங்கு ஆலயம் என்றால் என்ன என்று சிலர் கேட்கலாம். சில தெருக்களையோ, ஓர் ஊரையோ சேர்ந்த கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் ஒன்றாகக் கூடி வழிபடும் ஆலயமே பங்கு ஆலயம். ஷூபர்ட் குடும்பத்தின் பங்கு ஆலயம் லிக்டென்டால் என்ற பகுதியில் இருந்தது. அந்தத் தெருக்கோடி ஆலயம் ஒரு சிறுவனுக்கு என்ன கொடுத்தது, அவன் அதற்கு என்ன திருப்பிக் கொடுத்தான் என்பதுதான் இன்றைய வரலாறு. படியுங்கள்!

ஓர் அறை, ஒரு சமையலறை

1797-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் பிரான்ஸ் பிறந்தான். மறுநாளே லிக்டென்டால் ஆலயத்தில் அவனுக்குத் திருமுழுக்கு நடந்தது.

அவன் தந்தை ஒரு பள்ளி ஆசிரியர். தாய் எலிசபெத். அந்தத் தம்பதியருக்குப் பிறந்த குழந்தைகள் 14 பேர். ஆனால், அவர்களில் ஐந்து பேர் மட்டுமே உயிர் பிழைத்து வளர்ந்தனர். இன்று இருப்பதுபோல் தடுப்பூசிகளும், நல்ல மருந்துகளும் இல்லாத காலம் அது. பிழைத்த ஐவரில் பிரான்ஸ் நான்காவது பிள்ளை. இக்னாஸ், பெர்டினாண்ட், கார்ல் என்று மூன்று அண்ணன்கள். தெரேசியா என்று ஒரு தங்கை.

அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் பல குடும்பங்கள் வசித்தன. ஷூபர்ட் குடும்பத்துக்கு இருந்ததோ ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான்! அந்தக் கட்டடத்திலேயே தந்தை பள்ளிக்கூடமும் நடத்தி வந்தார். பகலெல்லாம் பாடம் ஒப்பிக்கும் ஓசை. மாலையில் இசை ஓசை.

ஆம், அந்தக் காலத்து ஆஸ்திரியாவில் பள்ளி ஆசிரியர்களுக்கு இசையும் தெரிந்திருப்பது வழக்கம். பல ஊர்களில் பள்ளி ஆசிரியரே ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பார். பாடகர் குழுவையும் நடத்துவார். அதனால் ஷூபர்ட் வீட்டில் சோற்றுக்கு உப்புப் போல இசை கலந்திருந்தது.

தந்தை பிரான்சுக்கு வயலின் கற்றுக் கொடுத்தார். மூத்த அண்ணன் இக்னாஸ் பியானோ கற்றுக் கொடுத்தார். சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். இனிமேல் நானே பழகிக் கொள்கிறேன் என்று தம்பி சொல்லிவிட்டான்! அண்ணனுக்கு முதலில் வியப்பு. பிறகு தம்பி வாசிப்பதைக் கேட்டார். அவன் சொன்னது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார்.

வீட்டில் நல்ல பியானோ இல்லை. ஆனாலும் பிரான்ஸ் சோர்ந்து போகவில்லை. உறவினர் ஒருவர் தச்சு வேலை பழகிக் கொண்டிருந்தார். அவர் பிரான்சைப் பியானோக்கள் வைத்திருக்கும் பட்டறைக்கு அழைத்துச் செல்வார். அங்கே இருந்த நல்ல கருவிகளில் அவன் ஆசை தீரப் பழகினான்.

ஆர்கன் வாசித்த ஆசான்

லிக்டென்டால் பங்கு ஆலயத்தில் இசைப் பொறுப்பாளராக இருந்தவர் மைக்கேல் ஹோல்சர். பாடகர் குழுவை நடத்துவதும், ஆர்கன் வாசிப்பதும் அவர் வேலை.

ஆர்கன் என்பது என்ன தெரியுமா? பியானோ போலவே கட்டைகள் இருக்கும். ஆனால், ஒலி வருவது கம்பிகளிலிருந்து அல்ல. சிறியதும் பெரியதுமான நூற்றுக்கணக்கான குழாய்களிலிருந்து! ஒவ்வொரு குழாயும் ஒரு புல்லாங்குழல் போல என்று வைத்துக் கொள்ளுங்களேன். குழாய்க்குள் காற்றைச் செலுத்த வேண்டும். மின்சாரம் இல்லாத அந்நாளில் ஒருவர் துருத்தியை அழுத்திக்கொண்டே இருப்பார். இன்னொருவர் வாசிப்பார். இசை ஆலயம் முழுவதையும் நிறைக்கும்.

தந்தை, சிறுவன் பிரான்சை ஹோல்சரிடம் அனுப்பி வைத்தார். பாட்டு, ஆர்கன், இசை இலக்கணம் எல்லாவற்றையும் ஹோல்சர் கற்றுக் கொடுக்கத் தொடங்கினார். தொடங்கியதோடு சரி! எதைப் புதிதாகச் சொல்லிக் கொடுக்கப் போனாலும் அந்தப் பையனுக்கு அது முன்பே தெரிந்திருந்ததாம். பாடம் நடத்துவதை விட்டுவிட்டு, அவன் செய்வதை வியப்போடு பார்த்துக் கொண்டிருப்பதே தன் வேலையாகிப் போனது என்று கண்ணீர் மல்கத் தந்தையிடம் சொன்னாராம் அந்த நல்லாசிரியர்.

மாணவன் தன்னை மிஞ்சிவிடுவான் என்று ஹோல்சர் பொறாமைப்படவில்லை. அவனைத் தட்டி வைக்கவும் இல்லை. மகிழ்ந்து போனார்!

ஆலயத்தின் பின்புறம் உயரத்தில் ஒரு மாடம் இருக்கும். பாடகர் குழுவும், ஆர்கனும் இருப்பது அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரான்ஸ் அங்கே நின்று பாடினான். அவன் குரல் மணி போல் தெளிவாக இருந்தது. தனியாகப் பாடும் பகுதிகள் அவனைத் தேடி வந்தன. சில நேரம் வயலினும் வாசித்தான்.

குழுவோடு சேர்ந்து பாடுவதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது, செல்லங்களே. நம் குரல் மட்டும் ஓங்கி ஒலித்தால் பாட்டு கெட்டுப் போகும். பக்கத்தில் நிற்பவர் குரலையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நம் முறை வரும்வரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். இந்தப் பாடத்தை எட்டு, ஒன்பது வயதிலேயே பிரான்ஸ் கற்றுக் கொண்டான்.

மாவு மில்காரர் பிள்ளையா?

1808-ஆம் ஆண்டு. வியன்னா செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு வந்தது. பேரரசரின் அரண்மனை ஆலயத்தில் பாடச் சிறுவர்கள் தேவை! தேர்ந்தெடுக்கப்படும் சிறுவர்கள் அரசு உறைவிடப் பள்ளியில் தங்கி இலவசமாகப் படிக்கலாம்.

ஏழை ஆசிரியர் குடும்பத்துக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? தந்தை மகனைத் தேர்வுக்கு அழைத்துச் சென்றார். அப்போது பிரான்சுக்கு வயது 11.

தேர்வுக்கு வந்திருந்த மற்றச் சிறுவர்கள் பிரான்சைப் பார்த்துச் சிரித்தார்கள். வெள்ளையும் வெளிர் நீலமும் கலந்தது போன்ற நிறத்தில் ஒரு கோட்டு அணிந்திருந்தான் அவன். மாவு அரைக்கும் மில்காரர் பிள்ளை போலிருக்கிறது, பாட்டில் தோற்கவே மாட்டான் என்று கேலி பேசினார்கள்.

தேர்வு செய்ய அமர்ந்திருந்தவர் யார் தெரியுமா? அரசவை இசைத் தலைவர் சாலியேரி! பிரான்ஸ் அஞ்சவில்லை. கொடுத்த பாடல்களை எல்லாம் தங்கு தடையின்றிப் பாடினான். ஆலய மாடத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் பாடியவன் ஆயிற்றே! கேலி செய்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். மாவு மில்காரர் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது. பொன்சரிகை வைத்த சீருடையும் கிடைத்தது.

பசியும் பாட்டும்

உறைவிடப் பள்ளி வாழ்க்கை எளிதாக இல்லை. சாப்பாடு குறைவு. இசை பழகும் அறையில் குளிர்காலத்தில் கைகள் விறைத்துப் போகும். 1812-ல் பிரான்ஸ் தன் அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினான். மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையே எட்டரை மணி நேரம் பசியோடு இருக்க வேண்டியிருக்கிறது. ஒரு ரொட்டியும் சில ஆப்பிள்களும் வாங்கிக் கொள்ள மாதம் கொஞ்சம் சில்லறை அனுப்பக் கூடாதா என்று அதில் கெஞ்சியிருந்தான். பாவம் அல்லவா?

ஆனால், வயிற்றுப் பசியைவிட இசைப் பசி அவனுக்கு அதிகம். இசை எழுதுவதற்குக் கோடு போட்ட தனித்தாள் வேண்டும். அதை வாங்கப் பணம் இல்லை. அவனைவிட எட்டு வயது மூத்த ஸ்பவுன் என்ற மாணவர் இதைக் கவனித்தார். கட்டுக் கட்டாகத் தாள் வாங்கித் தந்தார். ஷூபர்ட்டின் வாழ்நாள் முழுவதும் ஸ்பவுன் நண்பராக இருந்தார். உதவி என்பது பெரிய தொகையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எழுதத் துடிக்கும் ஒருவனுக்குத் தாள் வாங்கிக் கொடுத்தாலே போதும்!

விடுமுறை நாள்களில் பிரான்ஸ் வீட்டுக்கு வருவான். தந்தை செல்லோ என்ற பெரிய கருவியை வாசிப்பார். அண்ணன்கள் இருவரும் வயலின் வாசிப்பார்கள். பிரான்ஸ் வாசித்தது வயோலா. தந்தை எப்போதாவது தவறாக வாசித்துவிட்டால், முதல் தடவை பிரான்ஸ் கண்டுகொள்ள மாட்டான். மீண்டும் அதே தவறு வந்தால், புன்சிரிப்போடு, அப்பா, அங்கே ஏதோ பிழை இருக்கிறது போலும் என்று பணிவாகச் சொல்வான். தந்தையும் திருத்திக் கொள்வார். பெரியவர்களிடம் பிழையைச் சுட்டிக் காட்டவும் ஒரு முறை இருக்கிறது பாருங்கள்!

குரல் உடைந்தது

1812-ஆம் ஆண்டு பிரான்சுக்குச் சோகமான ஆண்டு. மே மாதம் அவனுடைய தாய் இறந்து போனார். அவனுக்கு அப்போது 15 வயது.

இரண்டே மாதத்தில் அடுத்த இடி. வளர்ந்து வரும் ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடைவது இயற்கை அல்லவா? அவன் குரலும் உடைந்தது. இனிச் சிறுவர் குழுவில் பாட முடியாது. ஜூலை 26-ஆம் நாள், தான் பாடிய இசைத்தாளின் ஓரத்தில், கடைசி முறையாகக் கூவிய நாள் இது என்று சேவலைப்போல் தன்னையே கிண்டல் செய்து எழுதி வைத்தான். வருத்தத்திலும் ஒரு சிரிப்பு!

பாட முடியாவிட்டால் என்ன? பாட்டு எழுதலாமே! சாலியேரியே அவனுக்கு இசையமைப்பு கற்றுத் தந்தார். ஆனால், அவன் இரவு பகலாக இசையிலேயே மூழ்கியதால் கணக்குப் பாடத்தில் மதிப்பெண் சரிந்தது. மதிப்பெண்ணை உயர்த்தினால் உதவித்தொகையோடு தொடர்ந்து படிக்கலாம் என்று 1813-ல் பள்ளியில் சொன்னார்கள். பிரான்ஸ் அதை ஏற்காமல் வெளியேறிவிட்டான்.

தந்தைக்குக் கவலை. இசையை நம்பிப் பிழைக்க முடியுமா? மகனும் ஆசிரியர் வேலைக்கு வந்துவிட்டால் சோற்றுக்குப் பஞ்சம் இருக்காது என்று நினைத்தார். அவர் நினைத்ததில் தவறு சொல்ல முடியாது. ஒன்பது பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பன் அல்லவா? தந்தை சொல்லைத் தட்டாமல் பிரான்ஸ் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தான். பயிற்சி முடித்து, 1814-ல் தந்தையின் பள்ளியிலேயே உதவி ஆசிரியர் ஆனான். அரிச்சுவடி படிக்கும் சின்னஞ்சிறு பிள்ளைகளின் வகுப்பு அவனுக்குக் கிடைத்தது.

இசைக் கனவு அவ்வளவுதானா? இல்லை! அப்போதுதான் பழைய பங்கு ஆலயம் அவனை அழைத்தது.

பதினேழு வயதில் ஒரு பெருவிழா

1814-ல் லிக்டென்டால் ஆலயம் தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாட இருந்தது. அந்த விழாவுக்காக ஒரு முழுத் திருப்பலி இசையை எழுதும் வேலையில் பிரான்ஸ் இறங்கினான்.

திருப்பலி என்பது கத்தோலிக்கரின் முக்கிய வழிபாடு. அதில் இறைவனிடம் இரக்கம் வேண்டும் பாடல், புகழ்ப் பாடல், நம்பிக்கை அறிக்கை, இறைவனைத் தூயவர் எனப் போற்றும் பாடல், அமைதி வேண்டும் பாடல் எனப் பல பகுதிகள் உண்டு. அப்போது எல்லாமே லத்தீன் மொழியில் இருக்கும். இவை அனைத்துக்கும் பாடகர்கள், வயலின்கள், ஊதுகருவிகள், முரசு என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இசை எழுத வேண்டும். இன்றுபோல் நகல் எடுக்கும் இயந்திரம் கிடையாது. எல்லாம் கையால் எழுதியாக வேண்டும்.

மே 17-ஆம் நாள் எழுதத் தொடங்கி ஜூலை 22-ஆம் நாள் முடித்தான். சுமார் ஒன்பது வாரம்! வயதோ 17.

விழா நாளும் வந்தது. தெருவில் வாழ்ந்த அக்கம்பக்கத்தார் எல்லாம் கூடியிருந்தனர். சிறுவனாகப் பாடிய அதே மாடத்தில், இப்போது இசைக் குழுவை நடத்துபவனாகப் பிரான்ஸ் நின்றான். ஆர்கன் வாசித்தவர் அண்ணன் பெர்டினாண்ட். உச்சக் குரலில் தனியாகப் பாடியவள் தெரேசா குரோப் என்ற 15 வயதுப் பெண். அவளும் அதே பங்கைச் சேர்ந்தவள்தான். அவள் குடும்பத்தார் அங்கே சிறிய பட்டு ஆலை நடத்தி வந்தனர்.

இசை பெரும் வெற்றி பெற்றது. சில நாள்களிலேயே நகரின் புகழ்பெற்ற அகுஸ்தினார் ஆலயத்திலும் அதை மீண்டும் பாடினார்கள். தந்தை பூரித்துப் போனார். மகனுக்கு ஒரு புதிய பியானோவைப் பரிசாக வாங்கிக் கொடுத்தார்! பட்டறைக்குப் போய் அடுத்தவர் பியானோவில் பழகிய பையனுக்குச் சொந்தமாகவே ஒரு பியானோ!

எந்தப் பெரிய அரங்கும் 17 வயது உதவி ஆசிரியரை நம்பி இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்திருக்குமா? அவர் பிறந்து வளர்ந்த பங்கு நம்பியது. அந்த நம்பிக்கைதான், நம்மால் முடியும் என்ற துணிவை அவருக்குத் தந்தது.

களவு போன இசை

அதன் பிறகு ஷூபர்ட்டின் எழுதுகோல் ஓயவே இல்லை. 1815-ல் பகலில் பள்ளி வேலை. மற்ற நேரமெல்லாம் இசை. அந்த ஓராண்டில் மட்டும் 140-க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசை அமைத்தார்! நானும் வகுப்பறையில் காலம் கழித்தவன்தான். அரிச்சுவடி வகுப்பை நடத்திவிட்டு வந்தால் தண்ணீர் குடிக்கக்கூடத் தெம்பு இருக்காது. அவரால் எப்படித்தான் முடிந்ததோ!

அதே ஆண்டு மார்ச் 2-ஆம் நாள் தொடங்கி 7-ஆம் நாளுக்குள், ஆறே நாளில், இன்னொரு திருப்பலி இசையை எழுதினார். அளவில் சிறியது; சிறு குழுவும் பாடக்கூடியது. மென்மையும் அமைதியும் நிறைந்தது. இன்றும் உலகெங்கும் பல பாடகர் குழுக்கள் விரும்பிப் பாடும் இசை அது.

இந்த இசைக்கு ஒரு வேடிக்கையான, வேதனையான கதை உண்டு. ஷூபர்ட் இருந்தவரை அது அச்சில் வரவே இல்லை. அவர் மறைந்து 18 ஆண்டுகள் கழித்து, 1846-ல் பிராக் நகரில் அது அச்சாகி வந்தது. அட்டையில் இருந்த பெயர் யாருடையது தெரியுமா? ராபர்ட் பியூரர் என்பவருடையது! பிராக் பேராலயத்தில் இசைத் தலைவராக இருந்த அவர், ஷூபர்ட்டின் இசையைத் தன் இசை என்று சொல்லி வெளியிட்டுவிட்டார்.

அண்ணன் பெர்டினாண்ட் சும்மா இருப்பாரா? 1847-ல் வியன்னாவின் இசை இதழ் ஒன்றில் உண்மையை எழுதினார். இது என் தம்பி எழுதியது என்று உலகுக்கு எடுத்துச் சொன்னார். குட்டு வெளிப்பட்டது. அடுத்தவர் உழைப்பைத் திருடிப் பெயர் வாங்கினால், கடைசியில் மிஞ்சுவது கெட்ட பெயர்தான்.

1816-ல் ஷூபர்ட் மற்றொரு திருப்பலி இசையை எழுதினார். 1825-ல் அது அச்சானபோது அதை யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா? தன் முதல் ஆசான் ஹோல்சருக்கு! அதற்குள் வியன்னாவில் ஷூபர்ட்டின் பெயர் பலருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும், தெருக்கோடி ஆலயத்தின் ஆர்கன் ஆசிரியரை அவர் மறக்கவில்லை. அடுத்த ஆண்டே ஹோல்சர் காலமானார். நல்லவேளை, மாணவனின் நன்றியைக் கண்ணால் கண்டுவிட்டுத்தான் போனார்.

குட்டிக் காளான்

1818-ல் ஷூபர்ட் பள்ளிப் பணியை முழுவதுமாக விட்டுவிட்டார். நண்பர்களின் வீடுகளில் தங்கினார். பாடல்களை விற்றுக் கிடைத்த சிறு தொகையில் வாழ்ந்தார். உயரம் ஐந்தடிக்குச் சற்றே அதிகம். உருண்டையான உடம்பு, வட்ட மூக்குக் கண்ணாடி. நண்பர்கள் அவரைச் செல்லமாகக் குட்டிக் காளான் என்று அழைப்பார்கள்! கண்ணாடியைக் கழற்றாமலேயே தூங்கிவிடுவாராம். காலையில் கண் விழித்ததும் இசை எழுத வசதியாக இருக்க வேண்டும் அல்லவா?

வேலை தேடிப் பல இடங்களுக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. சிறுவனாகப் பாடிய அரண்மனை ஆலயத்திலேயே துணை இசைத் தலைவர் வேலைக்கு 1826-ல் விண்ணப்பித்தார். அதுவும் வேறொருவருக்குப் போய்விட்டது. ஆனாலும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

1827-ல் நியூமன் என்ற இயற்பியல் பேராசிரியர் அவரிடம் ஒரு கோரிக்கையோடு வந்தார். வழிபாட்டில் பாடகர் குழு லத்தீனில் பாடுகிறது. மற்ற மக்கள் சும்மா கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். சாதாரண மக்களும் தங்கள் தாய்மொழியில் சேர்ந்து பாடும்படி எளிய பாடல்கள் வேண்டும். பாடல் வரிகளை ஜெர்மன் மொழியில் அவரே எழுதியிருந்தார். ஷூபர்ட் அவற்றுக்கு இசை அமைத்துக் கொடுத்தார். கிடைத்த ஊதியம் 100 குல்டன். குல்டன் என்பது அக்கால ஆஸ்திரிய நாணயம்.

பெரிய பெரிய சிம்பொனிகளை எழுதியவர், இங்கே தன் வித்தையைக் காட்டவே இல்லை. இசைப் பயிற்சி இல்லாத பாட்டியும், பேரனும்கூடப் பாடும்படி அவ்வளவு எளிமையாக எழுதினார். அன்று திருப்பலியில் அதைப் பாடத் திருச்சபை அதிகாரிகள் இசைவு தரவில்லை. ஆனால், காலம் மாறியது. பின்னாளில் ஆஸ்திரியாவிலும் தெற்கு ஜெர்மனியிலும் ஆலயங்களில் மக்கள் விரும்பிப் பாடும் இசையாக அது ஆகிவிட்டது.

அதே 1827-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பீத்தோவன் இறந்தார். இறுதி ஊர்வலத்தில் தீப்பந்தம் ஏந்திச் சென்றவர்களில் ஷூபர்ட்டும் ஒருவர். அடுத்த ஆண்டு மார்ச் 26-ஆம் நாள், பீத்தோவன் மறைந்த அதே தேதியில், தன் இசையை மட்டுமே கொண்ட ஒரு பொதுக் கச்சேரியை நடத்தினார். அவர் வாழ்நாளில் அப்படி நடந்த கச்சேரி அது ஒன்றே ஒன்றுதான்.

கடைசியாகக் கேட்ட இசை

1828-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள். ஷூபர்ட்டுக்கு உடல்நலம் சரியில்லை. ஆனாலும் வீட்டில் படுத்திருக்க மனம் வரவில்லை. ஹெர்னால்ஸ் என்ற இடத்தில் இருந்த பங்கு ஆலயத்துக்குப் புறப்பட்டார். காரணம், இறந்தோருக்காக அண்ணன் பெர்டினாண்ட் எழுதிய வழிபாட்டு இசை அன்று அங்கே பாடப்பட இருந்தது.

தம்பியின் முதல் பெரிய இசைக்கு ஆர்கன் வாசித்தவர் அண்ணன். அண்ணன் எழுதிய இசையைக் கேட்கத் தம்பி உடல்நலமின்றியும் போனார். அவர் நேரில் போய்க் கேட்ட கடைசி இசை அதுதான்.

மறுநாள் இன்னொரு காரியமும் செய்தார். கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். செக்டர் என்ற இசை ஆசிரியரிடம் மாணவராகச் சேர்ந்தார்! பல குரல்களை இழைத்து இசை எழுதும் கலையை இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவர் ஆசை. அறுநூறு பாடல்களுக்கு இசை அமைத்த பிறகும் ஒரு மாணவராகப் போய் உட்கார்ந்தார். ஆனால், ஒரு பாடத்தோடு அது நின்று போனது.

அவர் அப்போது தங்கியிருந்தது அண்ணன் பெர்டினாண்டின் வீட்டில். அங்கேயே காய்ச்சலில் படுத்தார். நவம்பர் 19-ஆம் நாள் உயிர் பிரிந்தது. வயது 31. பீத்தோவனின் கல்லறைக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தனர். அவர் விட்டுச் சென்ற உடைமைகளின் மதிப்பு 63 குல்டன்தான்.

ஆனால், அவர் எழுதி வைத்த தாள்கள்? அவற்றை அண்ணன் பெர்டினாண்ட் பாதுகாத்து வைத்தார். தம்பி தன் கடைசி ஆண்டில் எழுதிய திருப்பலி இசையை, 1829-ல் வியன்னா ஆலயம் ஒன்றில் அவரே முன்னின்று அரங்கேற்றினார். பத்தாண்டுகள் கழித்து ஷூமன் என்ற இசையமைப்பாளர் பெர்டினாண்டின் வீட்டுக்கு வந்தார். அங்கே இருந்த கட்டுகளில் ஒரு பெரிய சிம்பொனியைக் கண்டு திகைத்துப் போனார். 1839-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மெண்டல்சன் அதை அரங்கேற்றினார். அதன் பிறகுதான் ஷூபர்ட்டின் முழு அருமை உலகுக்கு மெல்ல மெல்லத் தெரிந்தது.

அந்த ஆலயம் இன்றும் இருக்கிறது

லிக்டென்டால் ஆலயம் இன்றும் வியன்னாவில் இருக்கிறது. மக்கள் அதை ஷூபர்ட் ஆலயம் என்றே அழைக்கிறார்கள். அவர் பிறந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. ஒரு குழந்தையாகத் திருமுழுக்குப் பெற்ற இடத்துக்கே அந்தக் குழந்தையின் பெயர் நிலைத்துவிட்டது பார்த்தீர்களா!

செல்லங்களே, ஷூபர்ட்டுக்குத் திறமை பிறவியிலேயே இருந்தது உண்மைதான். ஆனால், பாட ஒரு மாடம் இல்லாமல், பாராட்ட ஒரு ஹோல்சர் இல்லாமல், தாள் வாங்கித் தர ஒரு ஸ்பவுன் இல்லாமல், காத்து வைக்க ஒரு பெர்டினாண்ட் இல்லாமல் அந்தத் திறமை என்ன ஆகியிருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

உங்கள் தெருவிலும் கோயில், மசூதி, ஆலயம், பள்ளி ஏதாவது ஒன்று இருக்கும். அங்கே யாராவது சேர்ந்து பாடுவார்கள், வாசிப்பார்கள். கூச்சப்படாமல் போய்ச் சேர்ந்து கொள்ளுங்கள். குரல் நன்றாக இல்லையே என்று தயங்க வேண்டாம். தாளம் தட்டலாம், பாட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுக்கலாம், நன்றாகப் பாடும் தோழனைத் தட்டிக் கொடுக்கலாம். சேர்ந்து செய்யும் எந்த வேலையிலும் எல்லோருக்கும் இடம் உண்டு.

அடுத்த முறை உங்கள் பள்ளி இறைவணக்கத்தில் பாடும்போது பக்கத்தில் நிற்பவரின் குரலையும் கவனித்துக் கேளுங்கள். செய்வீர்கள்தானே?